எத்தனை சுண்டு அரிசி

மகள் கொண்டுவந்த தாள்கட்டு சாப்பாட்டு மேசையில் கிடந்தது. ஒதுக்கி வைப்போம் என்று தூக்கியவன், மேல் தாளின் முதல் வரியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். ‘வீட்டில் தங்கியிருப்போர் விபரம்’ என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தது. கீழே கட்டங்கள்: பெயர், வயது, உறவுமுறை, நிரந்தர முகவரி, எப்போதிருந்து தங்கியிருக்கிறார்.

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இந்த வரியை விளக்கத் தேவையில்லை. பொலிஸில் கொடுக்கும் பதிவுப் படிவத்தின் தலைப்பும் இதே சொற்கள்தான். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும் அதில் எழுதிக் கொடுத்து, முத்திரை குத்திய பிரதி ஒன்றை வாங்கி வைத்திருக்க வேண்டும். சோதனைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். எங்கள் பிரதி பிளாஸ்டிக் உறையில், தொலைபேசி மேசையின் லாச்சிக்குள் இருந்தது. அதில் மூன்று பெயர்கள்: நான், மனைவி, மகள்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர்.

நான்காவது ஆள் என் தங்கை. முல்லைத்தீவுக் கரையில் கலியாணம் செய்து போனவள். கடல் ஊருக்குள் வந்த அன்று அவளுடைய கணவனும் ஒரே மகளும் போனார்கள். வீடு போனது. அடையாள அட்டையும் போனது. கிராம சேவகரின் கடிதம் ஒன்றோடு, புது அட்டைக்கு எழுதிக் கொடுக்கவென்று இரண்டு கிழமைக்கு எங்களிடம் வந்தாள். வந்த பின், யுத்தம் திரும்பத் தொடங்கி, வடக்குக்குப் போகும் பாதையைப் பூட்டினார்கள். ஏழு மாதமாயிற்று. அட்டையும் வரவில்லை, அவளுக்குத் திரும்பிப் போக வழியும் இல்லை.

இரண்டு கிழமைக்குத்தானே என்று முதலில் அவளைப் பதியாமல் விட்டேன். பிறகு, இத்தனை மாதம் ஏன் பதியவில்லை என்று கேட்பார்களே என்று விட்டேன். உண்மைக் காரணம் வேறு. நிரந்தர முகவரிக் கட்டத்தில், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த முல்லைத்தீவை எழுதினால், அதே தாளில் அதற்கு மேல் வரியில் என் மகளின் பெயர் இருக்கும். பல்கலைக்கழகம் போய் வரும் இருபத்திரண்டு வயதுத் தமிழ்ப்பிள்ளை. கப்பல் முகவர் அலுவலகத்தில் இருபத்தைந்து வருடம் சரக்குப் பட்டியல் எழுதியவன் நான். ஒரு தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்பட்டவை எப்போதும் சேர்த்தே திறந்து பார்க்கப்படும் என்று எனக்குத் தெரியும்.

“ஆர் தந்தது இது?” என்று மகளிடம் கேட்டேன்.

“எங்கட மிஸ். ஆராய்ச்சியப்பா. சுனாமியில பாதிக்கப்பட்டு, முகாமுக்குப் போகாமல் கொழும்பில சொந்தக்காரர் வீடுகளில இருக்கிற ஆக்களைப் பற்றி. கொட்டாஞ்சேனையிலயும் மட்டக்குளியிலயும் வீடுவீடாப் போய்க் கேக்கிறம்.”

“என்னத்தைக் கேக்கிறியள்?”

“அவைக்கு என்ன வேணுமெண்டு. எல்லாரும் குடுத்தவை, ஒருத்தரும் கேட்டுக் குடுக்கேல்லை எண்டு மிஸ் சொல்லுறா. மனுசரில இருந்து தொடங்க வேணுமாம். வீடு கட்டுறதில, றோட்டுப் போடுறதில இருந்து இல்லை.”

குசினிக்குள் அரிசி பார்த்துக்கொண்டிருந்த தங்கை சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்துக் கேட்டது குறைவு. “அது உண்மை. எனக்கு மூண்டு தையல் மெசின் தந்தவை. மூண்டு வேற வேற ஆக்கள். தைக்கத் தெரியுமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.”

“மூண்டையும் என்ன செய்தனீங்கள், மாமி?” என்றாள் மகள்.

“ஒண்டுக்கு மேல மற்றதை வைச்சு, அதுக்கு மேல விளக்கு வைச்சனான்.”

அவர்கள் சிரித்தார்கள். நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கே அச்சடித்தது, நிரப்பிய பிறகு யாரிடம் போகும், எந்த அலுமாரியில் பூட்டுவார்கள், அந்த அலுமாரியின் திறப்பு யாரிடம் இருக்கும்? விரிவுரையாளர் சிங்களப் பெண் என்று மகள் சொன்னாள். தமிழ் படித்திருக்கிறாராம். எதற்காகத் தமிழ் படித்தார் என்று கேட்டேன். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நானும் கூடப் போனேன். கொட்டாஞ்சேனையில் பழைய நண்பரைப் பார்க்க வேண்டும் என்று மகளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை, ஆனால் மட்டக்குளி பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைத்தாள். விரிவுரையாளர் தேவாலயத்தடியில் காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். பருத்திச் சேலை, தோளில் துணிப்பை, காலில் சாதாரண இறப்பர்ச் செருப்பு. “மகளைத் தனியே அனுப்பப் பயமா, ஐயா?” என்று தமிழில் கேட்டார். புத்தகத் தமிழ், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. இல்லை என்றேன். “எனக்கும் ஒரு மகள் உண்டு” என்றார். மனுசர் இப்படித்தான் நெருங்கி வருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மட்டக்குளி வீட்டுத்திட்டம் ஒன்றின் மூன்றாம் மாடியில் ஒரு வீடு. கதவைத் திறந்த பெண்ணின் கழுத்தில் செபமாலை. மகள் எதற்காக வந்தோம் என்று சொல்லி முடிக்கும் வரை அவள் வாசலை விட்டு விலகவில்லை. முதல் கேள்வியைக் கேட்டதும் முகம் தெளிந்தது. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து நீட்டினாள். எங்கள் வீட்டு லாச்சியில் இருப்பது போன்ற அதே பொலிஸ் படிவம்.

“இதுல இருக்கிற மாதிரியே எழுதிக்கங்க, மகள். நாலு பேரு. எல்லாம் சரியா இருக்குது.”

மகள் பார்த்து எழுதினாள். விரிவுரையாளரின் கண் வாசலில் இருந்தது. நானும் பார்த்தேன். சுவரோரம் ஒன்பது சோடி செருப்புகள். இரண்டு சோடி சின்னக் குழந்தைகளுடையவை.

அடுத்த வீட்டிலும் அதே உறை. அதற்கடுத்த வீட்டில் உறை இல்லை, ஆனால் வீட்டுக்காரர் ஒவ்வொரு பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தோடு மனப்பாடமாகச் சொன்னார். கேள்வித்தாளில் இலக்கம் கேட்கவேயில்லை. மத்தியானம் வரை பதினொரு வீடு. ஒரு வீட்டிலும் கடலால் வந்தவர்கள் என்று யாரும் எழுதப்படவில்லை. ஒரு வீட்டில், ‘இங்கே யாரும் வரவில்லை’ என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

பஸ் தரிப்பிடத்தில் விரிவுரையாளர் மகளிடம் கேட்டார்: “நான் எங்கே பிழை விட்டேன்?”

மகள் என்னைப் பார்த்தாள். நான் வேறுபக்கம் பார்த்தேன். அவளே சொன்னாள்: “மிஸ், உங்கட முதல் கேள்வி பொலிஸ்ட கேள்வி. தலைப்பும் அதேதான். அதுக்கு எங்களிட்ட ஒரு பதில் எப்பவும் ரெடியா இருக்கும்.”

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தலைப்பை வாசித்தார். அதைத் தமிழில் மொழிபெயர்த்தவர் அரசாங்கத் திணைக்களமொன்றில் இருப்பவர் என்றும், தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். நடிப்பாக இருக்கலாம் என்றுதான் எனக்குப் பட்டது. என் மகள் இவ்வளவு விளக்கம் கொடுத்திருக்கக் கூடாது. எங்களிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது என்பதே எங்களிடம் இருந்த ஒரே பாதுகாப்பு.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, வாசலில் இருந்த தங்கையின் செருப்பைக் காலால் உள்ளே தள்ளி அலுமாரிக்குக் கீழே விட்டது. அன்றிலிருந்து அது அங்கேதான் இருக்க வேண்டும் என்று சொன்னேன்.

மகள் குசினிக்குள் நின்று நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கை சுளகில் அரிசியைப் பரப்பி, விரல் நுனியால் தடவித் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் வேலை எப்போதும் மெதுவானது. பேப்பர் கொடுத்தாலும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு மடித்து வைத்துவிடுவாள். செய்திகள் பிடிக்கவில்லை போலும் என்று நான் விட்டிருந்தேன்.

“ஆக்களை ஏன் கேக்கிறியள்?” என்றாள், அரிசி அளக்கும் சுண்டைக் கையில் எடுத்து. “எத்தனை பேர் எண்டு கேட்டால் ஆரும் பயப்பிடுவினம். எத்தனை சுண்டு அரிசி போடுறியள் எண்டு கேளுங்கோவன். பொம்பிளையள் யோசிக்காமல் சொல்லுவினம். ஒரு சுண்டு ரெண்டு பேருக்கு. பிறகு நீங்கள் கணக்குப் பாருங்கோ.”

மகள் அவளைக் கட்டிப்பிடித்தாள். “மாமி, நீங்கள்தான் புரொபெசர்.”

திங்கட்கிழமை மகள் போய்ச் சொல்ல, விரிவுரையாளர் கைதட்டிச் சிரித்தாராம். சிங்களத்திலும் அது ஹுண்டுவதான், அவருடைய தாயும் அதாலேதான் அரிசி அளந்தாராம். இரண்டு கிழமையில் புதுத் தாள்கள் வந்தன. பெயர்க் கட்டமே இல்லை. முதல் கேள்வி: ஒரு நேரத்துக்கு எத்தனை சுண்டு அரிசி போடுவீர்கள்? அடுத்தது: கடலுக்குப் பிறகு அந்த அளவு கூடியதா, குறைந்ததா? அதற்குப் பிறகுதான் மற்றவை. என்ன இழந்தீர்கள், என்ன கிடைத்தது, கிடைக்காதது என்ன.

அந்த ஒன்பது சோடி செருப்பு வீட்டுப் பெண் யோசிக்காமல் “அஞ்சு” என்றாளாம். பிறகு வாயில் கைவைத்து, பிறகு சிரித்து, எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாளாம். மகள் இதை மகிழ்ச்சியோடு சொன்னாள். நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். மறைத்து வைத்திருப்பதை ஆட்கள் தாங்களாகவே சொல்லிவிடும்படி ஒரு கேள்வியை என் வீட்டுக் குசினியில் செய்து கொடுத்திருக்கிறோம். அது நல்லவர் கையில் இருந்தால் நல்லது. யார் கையில் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

“இதை விட்டுடு, பிள்ளை” என்றேன். “தாளெல்லாத்தையும் திருப்பிக் குடு.”

“அப்பா, பேர் இல்லை. விலாசம் இல்லை. தாளுக்கு ஒரு இலக்கம் மட்டும்தான்.”

“இலக்கத்தை வைச்சு வீட்டைப் பிடிக்க ஏலாதெண்டு ஆர் சொன்னது?”

“நீங்கள் ஒருக்கால் வாசிச்சுப் பாருங்கோவன். உள்ளுக்கு என்ன எழுதியிருக்கெண்டு.”

நான் வாசிக்கவில்லை. வாசித்தால் எனக்கும் தெரியும், தெரிந்தால் யாராவது கேட்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சோறு வடித்த நேரம் தொலைபேசி அடித்தது. பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் நண்பர். “செக்கிங். எங்கட பக்கம் முடிச்சிட்டாங்கள். உங்கட பக்கம் வருவாங்கள்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

யன்னலால் பார்த்தேன். காலி வீதிப் பக்கம் ட்ரக் ஒன்று குறுக்கே நின்றது. கடல் பக்கம் ஒருவரும் இல்லை. எங்கள் ஒழுங்கை ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரையில் முடிகிறது. எங்கள் வீட்டிலிருந்து நூறு யார் தூரம் கூட இல்லை. ஏழு மாதத்தில் தங்கை ஒருநாளும் அந்தப் பக்கம் போகவில்லை. ரயில் சத்தம் கேட்டாலே இருந்த இடத்தில் எழுந்து நிற்பாள். அந்த நாள் கடலும் இப்படித்தான் சத்தம் போட்டு வந்ததாம்.

“நீ கடற்கரைக்குப் போ” என்றேன். “ஞாயிற்றுக்கிழமை, சனம் இருக்கும். அவங்கள் போனவுடன நான் வந்து கூப்பிடுறன்.”

மனைவி என் கையைப் பிடித்தாள். “இஞ்சருங்கோ, அங்கயோ அனுப்புறியள்?”

“வேற எங்க அனுப்ப?”

தங்கை கையிலிருந்த அகப்பையைக் கழுவி வைத்தாள். என்னைப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். அவள் போன பிறகுதான் அலுமாரிக்குக் கீழே செருப்பு கிடப்பதைக் கண்டேன். மகளின் தாள்கட்டு மேசையில் இருந்தது. அதை எடுத்து, உடுப்பு ஊறப்போட்டிருந்த வாளிக்குள் அமுக்கித் தாட்டேன். மகள் குளித்துவிட்டு வந்து அதைக் கண்டபோது கதவு தட்டப்பட்டது.

ஒரு சார்ஜனும் இரண்டு பேரும். சார்ஜன் வயதானவர், மரியாதையான ஆள். வாசலில் இருந்த மூன்று சோடி செருப்பைத் தாண்டி வந்தார். படிவத்தைக் கேட்டார். எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்.

“துன் தெனாய்” என்றேன். மூன்று பேர்.

மற்ற இருவரும் அறைகளைப் பார்த்தார்கள். சார்ஜன் குசினிக்குள் போனார். சோற்றுப்பானையின் மூடியை ஒரு விரலால் தூக்கினார். ஆவி பறந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஹுண்டு தெகக் விதற” என்றார். ஒரு இரண்டு சுண்டு இருக்கும்.

அந்தச் சொல் இவரிடம் எப்படி வந்தது என்று என் மனம் ஓடியது. மட்டக்குளி, விரிவுரையாளர், அலுமாரி, திறப்பு. மனைவிதான் சமாளித்தாள். இரவுக்கும் சேர்த்துப் போட்டது என்று அவளுடைய உடைந்த சிங்களத்தில் சொன்னாள். சார்ஜன் மூடியை மெதுவாக வைத்தார். படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

ட்ரக் போகும் வரை பொறுத்திருந்து கடற்கரைக்கு ஓடினேன். குடைகளுக்குக் கீழே சோடிசோடியாக ஆட்கள் இருந்தார்கள். தங்கை ரயில் பாதையின் ஓரத்தில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கள் ஒழுங்கையைப் பார்த்தபடி நின்றாள். மத்தியான வெயிலில் சுட்ட சரளைக் கல்லில் வெறுங்காலோடு. நான் அவளுடைய செருப்பைக் கையில் கொண்டு போயிருந்தேன். கீழே வைத்தேன். அவள் போடவில்லை.

“எத்தனை பேரெண்டு சொன்னனீங்கள், அண்ணை?”

“மூண்டு.”

“ம்” என்றாள். நடந்தாள். நான் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

வீட்டில் மனைவி அழுதுகொண்டிருந்தாள். மகள் வாளிக்கு முன்னால் குந்தியிருந்து, கூழாகிப்போன தாள்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை குசினிக்குள் போனாள். சோற்றுக் கோப்பைகளை எடுத்து மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. நான் கைகழுவி வந்தபோது மேசையில் மூன்று கோப்பைகள் இருந்தன. அவள் சுவரோடு சாய்ந்து நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. ஏழு மாதமாக நான் படிப்பித்ததை ஒரு பிழையும் இல்லாமல் செய்து காட்டியிருந்தாள்.

அன்று யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

மறுநாள் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, கிராம சேவகரின் கடிதத்தையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு தங்கையோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். போகும் வழியெல்லாம் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். போன கிழமைதான் வந்தது என்று சொல்ல வேண்டும். கேட்டதுக்கு மட்டும் பதில். அவள் ஓம் ஓம் என்றாள்.

கவுண்டரில் அதே சார்ஜன்.

எப்போது வந்தவர் என்று கேட்டார். போன கிழமை என்றேன். தங்கை என்னை முந்திக்கொண்டு, “ஹத் மாசயக்” என்றாள். ஏழு மாதம். எப்போது இந்தச் சிங்களம் பழகினாள் என்று எனக்குத் தெரியாது. வாசலில் வந்து நிற்கும் மீன்காரனிடமாக இருக்கலாம். சார்ஜன் கடிதத்தை வாசித்தார். கடலா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினாள். எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டார். அவள் இரண்டு விரலைக் காட்டினாள். அவர் பேனாவைத் திறந்து, எங்கள் படிவத்தின் நான்காவது வரியில் தானே எழுதினார். எழுதி முடித்து, நிமிராமல், “இரண்டு சுண்டு சோறு மூன்று பேருக்கு அதிகம்தான், ஐயா” என்று சிங்களத்தில் சொன்னார்.

அவருக்கு அன்றே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஏன் விட்டார் என்பது எனக்கு இன்றும் தெரியாது. இரக்கமாக இருக்கலாம். வேறு ஒரு நாளுக்கென்று வைத்திருந்ததாகவும் இருக்கலாம். பின்னர் வந்த மாதங்களில் ஒவ்வொரு முறை ட்ரக் சத்தம் கேட்கும்போதும் இரண்டையும் மாறி மாறி நினைத்தேன்.

கையெழுத்துப் போடும் இடத்தை அவர் காட்டியபோது, தங்கை தாளை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பிறகு தூரத்தில் பிடித்தாள். பிறகு என் மகளின் வரிக்கு மேலே பேனாவை வைத்தாள். நான் அவளுடைய விரலைப் பிடித்து நான்காவது வரிக்கு நகர்த்தினேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். “கிட்டப் பார்வை தெரியேல்லையோ?”

“கண்ணாடி கடலோட போயிட்டுது.”

“ஏன் சொல்லேல்லை?”

“கேட்டால் சொல்லியிருப்பன். பிள்ளை கேட்டவள். அவளின்ர தாளில சொல்லியிருக்கிறன். மூண்டு மெசினும் வந்தது, ஊசியில நூல் கோக்கக் கண்ணாடி வரேல்லை எண்டு எழுதினவள். நீங்கள் வாசிக்கேல்லையோ?”

அவளுடைய தாளும் வாளிக்குள்தான் போயிருந்தது. காலி வீதியில் பத்துக் கண்ணாடிக் கடைகள் இருக்கின்றன. ஏழு மாதமாக அவற்றைத் தாண்டித்தான் தினமும் அலுவலகம் போய் வந்தேன். முதலில் கண்ட கடைக்குள் அவளைக் கூட்டிப் போனேன். கடைக்காரர் வில்லை போட்டுக் கையில் தந்த அட்டையில் பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்துவரை அவள் மெதுவாக வாசித்தாள். கடைசி வரியை எட்டியபோது கடைக்காரர் போதும் என்றார். அவள் இன்னொரு முறை மேலே இருந்து தொடங்கினாள்.

மகள் அழிந்த தாள்களுக்காகத் திரும்ப மட்டக்குளிக்குப் போனாள். நான் செய்ததை விரிவுரையாளரிடம் அவளே சொன்னாளாம். அவர் எனக்கு ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. அதையும் நான் பல நாள் யோசித்தேன்.

பொலிஸ் நிலையத்தால் வந்த அன்று பின்னேரம் தங்கை அலுமாரிக்குக் கீழே கிடந்த செருப்பை எடுத்து வாசலில் மற்றவற்றோடு வைத்தாள். நான்கு சோடி. அடுத்த நாள் காலையில் வேலைக்கு இறங்கும்போது என் கால், என்னை அறியாமலே, அதை உள்ளே தள்ளியது. பின்னேரம் வந்து பார்த்தபோது அது வெளியே இருந்தது. பாதை திறக்கும் வரை, கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும், அப்படித்தான் நடந்தது.